‘சீராக உள்ளது’, ‘கவலைக்கிடம்’, ‘எக்மோ’: கலைஞர்களைப் பற்றிய மருத்துவ அறிக்கையை எப்படிப் படிப்பது?

2025 நவம்பர் 11 காலை, நடிகர் தர்மேந்திரா காலமானார் என்று நாட்டின் பெரிய செய்தி நிறுவனங்கள் சில அறிவித்தன. இரங்கல் பதிவுகள் குவிந்தன. சற்று நேரத்தில் அவருடைய மகள் ஈஷா தியோல், அப்பா உயிரோடுதான் இருக்கிறார் என்று பதிவிட்டார். மனைவி ஹேமமாலினி, பொய்ச் செய்தி வெளியிட்டவர்களைக் கடுமையாகக் கண்டித்தார். மறுநாள் தர்மேந்திரா வீடு திரும்பினார். அவர் மறைந்தது நவம்பர் 24 அன்று, 89ஆவது வயதில். ரசிகர்கள் இரண்டு முறை அழ வேண்டியிருந்தது.

தமிழ் வாசகர்களுக்கு இது பழகிய குழப்பம். 2016இல் ஜெயலலிதா, 2020இல் எஸ்.பி.பாலசுப்பிரமணியம், 2021இல் விவேக், 2023இல் விஜயகாந்த் என்று ஒவ்வொரு முறையும் மருத்துவமனை வாசலைப் பார்த்தபடி லட்சக்கணக்கானோர் காத்திருந்தார்கள். மாலையில் ஒரு பக்க அறிக்கை வரும். அதில் இரண்டு மூன்று வரிதான் இருக்கும். அந்த வரிகளை ஒருவர் நம்பிக்கையாகப் படிப்பார், இன்னொருவர் முடிவாகப் படிப்பார்.

குழப்பத்தில் ஒரு பங்கு பொறுப்பற்ற செய்தியால் வருகிறது. மறு பங்கு, அறிக்கையில் உள்ள சொற்களுக்கு மருத்துவர் கொள்ளும் பொருளும் நாம் கொள்ளும் பொருளும் வேறாக இருப்பதால் வருகிறது. எஸ்.பி.பி. மருத்துவமனையில் இருந்த 51 நாட்களில் இந்தச் சொற்கள் அனைத்துமே வந்து போயின. ஆகவே இந்தக் கட்டுரை அவரை மையமாக வைத்துச் செல்கிறது.

அறிக்கையை யார் முடிவு செய்கிறார்கள்?

நோயாளியைப் பற்றித் தெரிந்ததை மருத்துவர் வெளியே சொல்லக் கூடாது என்பது இந்திய மருத்துவக் குழுவின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. நீதிமன்ற உத்தரவு, பிறருக்குக் கடும் ஆபத்து, அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய தொற்றுநோய் போன்றவைதான் விதிவிலக்கு. நோயாளி புகழ்பெற்றவர் என்பது விதிவிலக்கு ஆகாது. எனவே மருத்துவமனை வெளியிடும் அறிக்கை, நோயாளியோ குடும்பமோ வெளியே சொல்லச் சம்மதித்த அளவுதான். மருத்துவர்களுக்குத் தெரிந்தது முழுவதும் அதில் இருக்காது, இருக்கவும் தேவையில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அறிக்கை ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கானது. மாலை 6 மணிக்கு எழுதியது இரவு 10 மணிக்குச் செல்லாது. பரபரப்பில் நேற்றைய அறிக்கையின் படத்தை இன்று பகிர்கிறவர்கள் ஏராளம். தேதியையும் நேரத்தையும் முதலில் பார்த்துவிட்டால் பாதி வதந்தி அங்கேயே அடங்கிவிடும்.

சொற்களும் அவற்றின் மருத்துவப் பொருளும்

1. சீராக உள்ளது. ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, சிறுநீர் வெளியேற்றம் ஆகியவை கடந்த சில மணி நேரங்களில் பெரிதாக ஏறி இறங்கவில்லை என்பதே பொருள். தேறிவருகிறார் என்று இதற்குப் பொருள் இல்லை. செயற்கை சுவாசத்தில், ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருக்கும்போதும் ஒருவர் ‘சீராக’ இருக்க முடியும். கருவியின் துணையோடு சீராக இருக்கிறாரா, துணை இல்லாமலா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

2. கவலைக்கிடம். ஏதோ ஓர் உறுப்பாவது வெளித்துணை இல்லாமல் இயங்க முடியாத நிலையில் இருக்கிறது, உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கிறது என்பது பொருள். ‘கவலைக்கிடம், ஆனால் சீராக உள்ளது’ என்ற வரி முன்னுக்குப் பின் முரணாகத் தோன்றும். ஆபத்து குறையவில்லை, கூடவும் இல்லை என்று அதைப் படிக்க வேண்டும்.

3. செயற்கை சுவாசம். முகக்கவசம் வழியாக அழுத்தத்தோடு காற்று கொடுப்பதும் இதில் சேரும், மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தி வென்டிலேட்டரில் வைப்பதும் இதில் சேரும். இரண்டுக்கும் இடையே தூரம் அதிகம். முதலாவதில் நோயாளி விழித்திருப்பார், பேசுவார். இரண்டாவதில் தொடக்கத்தில் பெரும்பாலும் மயக்கமருந்தில் இருப்பார். நம் செய்திகள் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகின்றன.

4. சிகிச்சைக்கு உடல் ஒத்துழைக்கிறது. எந்தச் சிகிச்சைக்கு, எந்த அளவுக்கு என்று சேர்த்துச் சொல்லாதவரை இந்த வரியில் தகவல் எதுவும் இல்லை. குடும்பத்துக்கு ஆறுதலாக இருக்கும், அவ்வளவே.

5. அதிகபட்ச உயிர்காப்பு உதவி. இருக்கும் கருவிகளும் மருந்துகளும் அவற்றின் மேல் எல்லைக்கு வந்துவிட்டன, இதற்குமேல் கூட்டுவதற்கு எதுவும் இல்லை. இந்த ஐந்தில் ஒளிவுமறைவே இல்லாத சொல் இதுதான். இது வந்தபிறகும் ‘போராடி மீண்டு வருவார்’ என்று தலைப்பிடுவது ரசிகர்களுக்குச் செய்யும் நன்மை இல்லை.

எக்மோ

நுரையீரலின் வேலையை, தேவைப்பட்டால் இதயத்தின் வேலையையும், உடலுக்கு வெளியே இருந்து செய்யும் கருவி எக்மோ. இந்தச் சொல் தமிழகத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்தது 2016 டிசம்பர் 4 அன்று. அன்று மாலை ஜெயலலிதாவுக்கு இதயத்துடிப்பு திடீரென நின்றுபோக, எக்மோ பொருத்தப்பட்டது. 2020இல் எஸ்.பி.பி.க்கும் 2021இல் விவேக்குக்கும் அதே சொல் மீண்டும் வந்தது. கடைசிக் கருவி என்ற அச்சமும், அதிசயக் கருவி என்ற நம்பிக்கையும் ஒன்றாகவே இதன்மேல் ஏறி நிற்கின்றன.

இயங்கும் விதம் எளிதாகச் சொல்லக்கூடியதுதான். தொடையிலோ கழுத்திலோ உள்ள பெரிய ரத்தக்குழாய்க்குள் கிட்டத்தட்ட விரல் தடிமனுள்ள குழாய் செலுத்தப்படுகிறது. அதன் வழியாக ரத்தம் வெளியே வருகிறது. பம்ப் ஒன்று அதைச் சவ்வு பொருத்திய ஒரு பெட்டிக்குள் தள்ளுகிறது. அங்கே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுகிறது, கார்பன் டை ஆக்சைடு நீங்குகிறது. பிறகு ரத்தம் உடலுக்குள் திரும்புகிறது. வயது வந்தவருக்கு நிமிடத்துக்கு 4, 5 லிட்டர் வரை இப்படிச் சுழலும்.

இதில் இரண்டு வகை உண்டு. ரத்தத்தைச் சிரையிலிருந்து எடுத்துச் சிரைக்கே திருப்பினால் நுரையீரலுக்கு மட்டும் ஓய்வு கிடைக்கும், இதயம் தானே துடிக்க வேண்டும். தமனிக்குத் திருப்பினால் இதயத்தின் வேலையையும் கருவி ஏற்றுக்கொள்ளும். கோவிட் நிமோனியாவுக்குப் பெரும்பாலும் பயன்பட்டது முதல் வகை. மாரடைப்புக்கு இரண்டாவது. ‘எக்மோவில் இருக்கிறார்’ என்ற ஒரே வரி இந்த இரண்டு நிலைமைகளையும் குறிக்கக்கூடும்.

எக்மோ நோயைக் குணப்படுத்துவதில்லை. உறுப்பு தானாகத் தேற நேரம் வாங்கித் தருகிறது. அந்த நேரத்துக்கு விலையும் உண்டு. குழாய்களில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போன்ற மருந்து தொடர்ந்து கொடுக்க வேண்டும், அதனால் உடலில் எங்கு வேண்டுமானாலும் ரத்தம் கசியலாம், மூளையிலும்கூட. உடலுக்குள் செல்லும் ஒவ்வொரு குழாயும் கிருமிக்கு ஒரு வாசல். நாள் கூடக் கூட இந்த ஆபத்துகளும் கூடும். 2020 முற்பாதியில் எக்மோவில் வைக்கப்பட்ட கோவிட் நோயாளிகளைப் பற்றிய சர்வதேசப் பதிவேட்டுக் கணக்கில், 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் ஏறக்குறைய 10க்கு 4 பேர். அந்த நோயாளிகளின் இடைநிலை வயது (பாதிப்பேர் அதற்குக் கீழே, பாதிப்பேர் மேலே) 50ஐ ஒட்டியது. எஸ்.பி.பி.க்கு அப்போது 74.

அந்த 51 நாட்கள்

2020 ஆகஸ்ட் 5 அன்று எஸ்.பி.பி. தானே ஒரு காணொளி வெளியிட்டார். லேசான கோவிட் தொற்று, நெஞ்சில் சளி, காய்ச்சல், வீட்டிலேயே இருக்கலாம் என்றார்கள், குடும்பத்தாருக்குச் சிரமம் வேண்டாம் என்று மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறேன், யாரும் கவலைப்பட்டுத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம் என்று சிரித்த முகத்தோடு சொன்னார். ரசிகர்களின் மனதில் பதிந்தது அந்த முகம். ஆகஸ்ட் 13 இரவு நிலைமை மோசமானது, மறுநாள் அறிக்கையில் ‘கவலைக்கிடம்’ வந்தது. ஒன்பது நாளில் இவ்வளவு மாற்றமா என்ற அதிர்ச்சியில் பலர் மருத்துவமனையைச் சந்தேகித்தார்கள். ஆனால் கோவிட்டில் முதல் வாரம் லேசாகப் போய், இரண்டாவது வாரத்தில் நுரையீரல் அழற்சி திடீரெனப் பெருகுவது அந்த ஆண்டு உலகம் முழுவதும் மருத்துவர்கள் கண்ட போக்கு. வயது கூடியவர்களிடம் அது கடுமையாக இருந்தது.

ஆகஸ்ட் 24 அன்று அடுத்த குழப்பம். எஸ்.பி.பி.க்குத் தொற்று நீங்கிவிட்டது என்று காலையில் செய்தி பரவியது, வாழ்த்துகள் பறந்தன. மகன் எஸ்.பி.பி.சரண் காணொளியில் வந்து, அந்தச் செய்தி வதந்தி என்றார். முடிவு பாசிட்டிவோ நெகட்டிவோ, அப்பா இன்னும் வென்டிலேட்டரிலும் எக்மோவிலும்தான் இருக்கிறார் என்று விளக்கினார். அந்த 51 நாட்களிலும் பொதுவெளியில் பேசப்பட்டவற்றில் மிகத் தெளிவான பேச்சு அதுதான் என்பேன். பரிசோதனை காட்டுவது கிருமி இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும். அது ஏற்படுத்திவிட்டுப் போன சேதம் அந்தப் பரிசோதனையில் தெரியாது. அழற்சியால் தடித்துப்போன நுரையீரல் மீண்டும் விரிந்து சுருங்க வாரங்கள் ஆகலாம், மாதங்கள் ஆகலாம், சிலருக்கு மீளாமலும் போகலாம். செப்டம்பர் 7 அன்று தொற்று நீங்கியதைச் சரணே அறிவித்தபோதும், நுரையீரல் எதிர்பார்த்த அளவு தேறவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். வாழ்த்தியவர்கள் முதல் பாதியைத்தான் பகிர்ந்தார்கள்.

அதே நாள் வந்த மற்ற செய்திகள் அத்தனை இனிமையானவை. எஸ்.பி.பி. திருமணநாளை மருத்துவமனையிலேயே எளிமையாகக் கொண்டாடியிருக்கிறார், ஐபேடில் கிரிக்கெட்டும் டென்னிஸும் பார்க்கிறார், ஐ.பி.எல். தொடங்கக் காத்திருக்கிறார், எழுதிக்காட்டிப் பேசுகிறார். செப்டம்பர் மத்தியில், எழுந்து உட்காருகிறார், வாய்வழியாக உணவு எடுக்கிறார், உடற்பயிற்சி சிகிச்சை நடக்கிறது என்று தெரிந்தது. பிறகு செப்டம்பர் 24 மாலை: கடந்த 24 மணி நேரத்தில் நிலைமை மோசமாகிவிட்டது, அதிகபட்ச உயிர்காப்பு உதவியில் இருக்கிறார். மறுநாள் பிற்பகல் 1.04க்கு உயிர் பிரிந்தது.

உட்கார்ந்து சாப்பிட்டவருக்கு எப்படி இப்படி ஆனது? இன்றுவரை ரசிகர்கள் கேட்பது இதைத்தான். விடை மேலே சொன்னவற்றிலேயே இருக்கிறது. விழித்திருப்பது, எழுதுவது, சிரிப்பது எல்லாம் மூளையும் தசைகளும் தேறியதன் அடையாளங்கள். நுரையீரல் தேறியதன் அடையாளம் ஒன்றே ஒன்று: எக்மோவின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்த முடிவது. அந்தச் செய்தி கடைசிவரை வரவே இல்லை. வந்தவை அனைத்தும் உண்மை, வராத ஒன்றில்தான் நிலைமை இருந்தது. நீண்ட நாள் கருவியில் இருக்கும் உடலில் இருப்புபலம் மிகக் குறைவு. ஒரு புதிய தொற்றோ ரத்தக்கசிவோ போதும், சில மணி நேரத்தில் எல்லாம் சரிந்துவிடலாம். தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள் இதை அறிந்தே இருப்பார்கள். குடும்பமும் ஓரளவு அறிந்திருக்கும். வெளியே நின்ற நமக்கு மட்டும் அது இடிபோல் விழுந்தது.

2023 நவம்பர் 29 அன்று விஜயகாந்த் பற்றி வந்த அறிக்கையையும் இதே முறையில் படிக்கலாம். நல்ல முன்னேற்றம் இருந்தது, ஆனால் கடந்த 24 மணி நேரத்தில் சீராக இல்லை, நுரையீரலுக்கு உதவி தேவை, இன்னும் 14 நாள் சிகிச்சை வேண்டும் என்று நான்கு தகவல்கள் அதில் இருந்தன. அவரவர் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். டிசம்பர் 11 அன்று அவர் வீடு திரும்பியபோது கவலை தீர்ந்தது என்று எண்ணினோம். வீடு திரும்புவது என்றால் மருத்துவமனையில் செய்ய வேண்டியது முடிந்தது என்று பொருள், நோய் முடிந்தது என்று அல்ல. டிசம்பர் 28 அன்று அவர் மறைந்தார்.

பொய்யான மரணச் செய்தி எப்படிப் பிறக்கிறது?

2016 டிசம்பர் 5 மாலை, ஜெயலலிதா இறந்துவிட்டார் என்று சில தொலைக்காட்சிகள் அறிவித்தன. கட்சித் தலைமை அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் கொடி மீண்டும் ஏறியது. அதிகாரப்பூர்வ அறிவிப்பின்படி இரவு 11.30க்கு அவர் காலமானார். அந்த மணித்துளிகள் பற்றி எழுந்த சந்தேகங்கள் விசாரணை ஆணையம்வரை சென்றன.

இத்தகைய குழப்பத்துக்கு மருத்துவத்திலேயே ஒரு காரணம் உண்டு. இதய எக்மோவில் இருப்பவருக்கு இதயம் துடிக்காவிட்டாலும் கருவி ரத்தத்தைச் சுழலவைக்கும். ஆகவே ‘இதயம் நின்றுவிட்டது’ என்பதும் ‘இறந்துவிட்டார்’ என்பதும் அங்கே ஒன்றல்ல. உள்ளிருந்து யாரோ முதல் வாக்கியத்தைச் சொல்ல, வெளியே இரண்டாவது வாக்கியமாக அது ஒளிபரப்பாகிவிடலாம். கருவியை விலக்கும் முடிவும், இறப்பை உறுதி செய்வதும், குடும்பத்தார் வந்து சேர்வதும் நேரம் எடுக்கும் காரியங்கள். தலைவர்கள், நட்சத்திரங்கள் என்றால் காவல்துறை ஏற்பாடும் சேரும்.

மற்ற காரணங்களுக்கு அதிகம் விளக்கம் தேவையில்லை. முதலில் சொல்பவருக்குப் பார்வைகள் குவிகின்றன, பார்வைகள் பணமாகின்றன. அஞ்சலிக் கட்டுரைகள் முன்கூட்டியே எழுதித் தயாராக இருக்கின்றன. ஒருவர் வெளியிட்டதும் மற்றவர்கள் அதையே ஆதாரமாகக் கொள்கிறார்கள். 2024 டிசம்பர் 15 இரவு தபலா மேதை ஜாகிர் உசேன் மறைந்ததாக இந்தியாவில் செய்தி வெளியானபோது அவர் அமெரிக்காவில் உயிரோடு இருந்தார். குடும்பம் மறுத்தது. சில மணி நேரத்தில் மரணத்தை அதே குடும்பம் உறுதி செய்ய வேண்டி வந்தது. செய்தி ‘கடைசியில் உண்மையாகிவிட்டதே’ என்று அப்போது சிலர் எழுதினார்கள். எனக்கு அது கொடூரமான வாதமாகப் படுகிறது. கட்டிலருகே இருந்தவர்களுக்கு அந்தச் சில மணி நேரம்தான் மிச்சமிருந்தது. அதையும் மறுப்பு அறிக்கை எழுதவைத்துப் பறித்தோம்.

எஸ்.பி.பி. இதை நன்றாக உணர்ந்தவர். 2020 ஜூனில் எஸ்.ஜானகி இறந்துவிட்டதாக வதந்தி கிளம்பியபோது, தனக்கு வந்த அழைப்புகளைத் தாங்க முடியாமல் அவரே காணொளியில் வந்து, ஜானகி அம்மா நலமாக இருக்கிறார், இப்படிப் பரப்பாதீர்கள் என்று கோபமும் வேதனையுமாகச் சொன்னார். அதன்பின் இரண்டு மாதம் முடிவதற்குள் அவரைப் பற்றியே வதந்திகள் வரத் தொடங்கின. அவர் மறைந்த பிறகும் நிற்கவில்லை. மருத்துவக் கட்டணம் கட்டாததால் உடலைத் தர மறுத்தார்கள் என்று ஒரு கதை பரவியது. தந்தையைப் புதைத்த ஓரிரு நாள்களிலேயே சரண், மருத்துவர்களோடு செய்தியாளர் முன் வந்து அதை மறுக்க நேர்ந்தது.

உயிரோடு இருக்கும்போதே நினைவுகூர்வது ஏன்?

2020 ஆகஸ்ட் 20 மாலை 6 மணிக்கு, திரையுலகினரின் அழைப்பை ஏற்று, தமிழகத்திலும் வெளியிலும் மக்கள் தத்தம் வீடுகளில் எஸ்.பி.பி. பாடல்களை ஒலிக்கவிட்டு அவருக்காக வேண்டிக்கொண்டார்கள். அவருடைய பாடல்களுக்குப் பின்னால் இருந்த கதைகளைப் பகிர்ந்தார்கள். அதிகம் பகிரப்பட்டது 1969இல் வெளியான எம்.ஜி.ஆர். படத்தைப் பற்றியது: அதில் பாட ஒப்பந்தமான இளைஞர் எஸ்.பி.பி.க்கு டைபாய்டு வந்துவிட்டது, வேறு பாடகரைப் போடாமல் அவர் குணமாகி வரும்வரை எம்.ஜி.ஆர். காத்திருந்தார். நோயில் கிடந்த பாடகருக்காகக் காத்திருந்த கதையை, மீண்டும் நோயில் கிடந்த அவருக்காகக் காத்திருந்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

ஆள் இருக்கும்போதே இப்படிப் பேசுவது அபசகுனம் என்று சிலர் அதட்டினார்கள். நான் உடன்படவில்லை. இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு.

1. நேரில் பழகாத ஒருவரோடு ஊடகம் வழியாக ஏற்படும் ஒருபக்க உறவை, ஹோர்ட்டன், வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956லேயே விவரித்தார்கள். உறவு ஒருபக்கமானது, உணர்வு பொய்யானதல்ல. ஆனால் அந்த உறவுக்கு மருத்துவமனைக்குள் செல்ல உரிமை இல்லை, விசாரிக்க எண் இல்லை, ஈமச்சடங்கில் இடம் இல்லை. மிஞ்சுவது பாட்டும் பேச்சும்தான்.

2. மனிதர்களுக்குப் பத்து வயது முதல் முப்பது வயதுவரையிலான நினைவுகளே பின்னாளில் மிக அடர்த்தியாக நிற்கின்றன என்று உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. திரைப்பாடல் அந்த வயதில்தான் நம்மோடு ஒட்டுகிறது. டீக்கடை வானொலி, கல்லூரிப் பேருந்தின் டேப், கல்யாணவீட்டு ஒலிபெருக்கி என்று ஒவ்வொரு குரலுக்கும் பின்னால் ஓர் ஊரும் ஒரு காலமும் இருக்கின்றன. பாடகர் படுக்கையில் விழும்போது, அந்தக் காலமும் சேர்ந்து படுத்துவிட்டதாகத் தோன்றுகிறது.

நினைவுகூர்வதில் தவறில்லை. ‘பாடினார், இருந்தார்’ என்று எழுதத் தொடங்குவதில்தான் சிக்கல். அப்படி ஒரு பதிவை அரைகுறையாகப் பார்ப்பவர் அதை இறப்புச் செய்தியாக எடுத்துக்கொண்டு பகிர்கிறார். பழைய படத்தோடு, கறுப்புவெள்ளையில், தேதி இல்லாமல் போடும் பதிவும் அப்படித்தான்.

நினைவு செயலாகும்போது

2021 ஏப்ரல் 16 அன்று மாரடைப்போடு அழைத்துவரப்பட்ட விவேக், மறுநாள் அதிகாலை 4.35க்கு மறைந்தார். மருத்துவமனைக்கு வருவதற்கு முந்தைய நாள்தான் பொதுமக்களுக்கு நம்பிக்கையூட்ட வெளிப்படையாகக் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். பழி ஊசிமேல் விழுந்தது. அவருடைய இதயத்தின் முக்கியத் தமனி முழுவதுமாக அடைபட்டிருந்ததை மருத்துவர்கள் விளக்கினார்கள். அவ்வளவு பெரிய அடைப்புக்கு அடித்தளம் ஒரு நாளில் உருவாவதில்லை. தடுப்பூசிப் பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழுவும் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றே பின்னர் முடிவு செய்தது. வதந்தியை நம்பி ஊசியைத் தவிர்த்தவர்கள் அடுத்த மாதமே இரண்டாம் அலையின் உச்சத்தை எதிர்கொண்டார்கள். விவேக் மறைந்த அதே வாரம், அப்துல் கலாமின் விருப்பப்படி விவேக் தொடங்கிய மரம் நடும் பணியை மனதில் வைத்து ஊர் ஊராகக் கன்று நட்ட ரசிகர்களும் இருந்தார்கள்.

கர்நாடகத்தில் 2021 அக்டோபர் 29 அன்று நடிகர் புனீத் ராஜ்குமார் திடீரென மறைந்தபோது அவருடைய கண்கள் தானமாகக் கிடைத்தன. ஒவ்வொரு கருவிழியையும் மேலடுக்கு, கீழடுக்கு என்று பிரித்து, இரண்டு கருவிழிகளால் நான்கு பேருக்குப் பார்வை தந்தார்கள் பெங்களூரு மருத்துவர்கள். அதைத் தொடர்ந்து அங்கே கண்தானப் பதிவுகள் பெருகின. பதிவு செய்ய நினைக்கும் ரசிகர்கள் அறிய வேண்டியது இது: கருவிழியை இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கண்ணாடி அணிந்திருந்தாலும், கண்புரை அறுவை சிகிச்சை செய்திருந்தாலும், வயது எதுவானாலும் தடையில்லை. நாம் கையெழுத்திட்ட அட்டை தானாக எதையும் செய்யாது. அந்த நேரத்தில் கண் வங்கியை அழைக்க வேண்டியவர்கள் வீட்டார், ஆகவே அவர்களிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.